பெரியப்பாவுக்குச் சோறு போட்டவர்

போன வருஷம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து மண்டபத்து வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ ஜிஎஸ்டியில் தொடங்கி அரசியலுக்குப் போய், அங்கிருந்து பழைய தலைவர்களுக்குப் போய்விட்டது. நான் கொஞ்சம் படித்துவிட்டுப் பேசுகிறவன் என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு. அதைக் காப்பாற்றுவதற்காகவோ என்னவோ, "இந்தியாவில் அரசாங்கம் வியாபாரத்தில் தலையிடக் கூடாது என்று பயமில்லாமல் பேசிய முதல் பெரிய தலைவர் நம்ம ராஜாஜிதான்" என்று சொல்லிவைத்தேன். பெரியப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "விற்பனை வரியை முதலில் கொண்டுவந்தது யாரு தம்பி?" என்று கேட்டார். நான் முழித்தேன். "அவருதான். முப்பத்தி ரெண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டதே உங்க ராஜாஜிதான்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா வணிகவரித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

அது வெறும் கிண்டல் என்று விட்டுவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை. ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. சந்தைச் சுதந்திரம் என்றால் ராஜாஜி, லைசன்ஸ் ராஜ் என்றால் நேரு என்று ஒரு வசதியான எல்லைக்கோட்டை மனதில் போட்டு வைத்திருந்தேன். எந்தத் தொழிலுக்கும் அரசாங்க அனுமதிக்காகக் கைகட்டி நிற்க வைக்கிற ஆட்சியைக் குறிக்கும் 'பர்மிட்-லைசன்ஸ்-கோட்டா ராஜ்' என்ற சொல்லைப் பரப்பியவர் ராஜாஜி. அந்த ஒரு சொல்லை வைத்தே அவருடைய நீண்ட பொதுவாழ்க்கையை நான் படித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, அவர் பேசியதை ஒதுக்கிவிட்டு, பேனா கையில் இருந்தபோது என்ன செய்தார் என்று பார்ப்போம் என உட்கார்ந்தேன்.

பார்த்தால், பெரியப்பா சொன்னது பாதிதான்.

1937ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் (இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்றைய பெயர்) ராஜாஜி செய்த முதல் காரியங்களில் ஒன்று, தன் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானாவில் ஓட்டை விழும். அதை அடைக்க 1939ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பெரிய வியாபாரிகளுக்கு விற்றுவரவில் அரை சதவீதம். இன்றைய விகிதங்களைப் பார்க்கிறவர்களுக்கு அது புண்ணியகாலம் போலத் தெரியும். ஆனால் அன்று கடைவீதி கொதித்தது. இடையில் 1938ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1937 அக்டோபர் 1 வரை பாக்கியிருந்த வட்டி தள்ளுபடி. வாங்கிய அசலைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. இரண்டு பேர் மனமொத்துப் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தை அரசாங்கம் நடுவில் புகுந்து கிழித்துப் போட்ட கதை இது. எந்தச் சந்தைவாதியிடம் காட்டினாலும் தலையில் கை வைத்துக்கொள்வார். (எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் எந்த வருத்தமும் இல்லை. வட்டியில் நிலம் போன குடும்பம் எங்களுடையது.)

இதெல்லாம் இளமைக் கோளாறு, பிறகு மாறிவிட்டார் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 1937ல் அவருக்கு வயது 58.

1952 ஜூன்

1952 தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஓய்வில் இருந்த ராஜாஜியைக் கூட்டிவந்து, மேலவைக்கு நியமித்து முதலமைச்சர் ஆக்கினார்கள். அந்தக் கதையும் அதன் நியாய அநியாயங்களும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வந்து உட்கார்ந்த நேரம். உலகப்போர் காலத்தில் வந்த ரேஷன் இன்னும் போகவில்லை. வருஷக்கணக்காக மழை பொய்த்திருந்தது. விவசாயி விளைந்த நெல்லில் அரசாங்கம் சொன்ன அளவை, சொன்ன விலைக்கு அளக்க வேண்டும். ஒரு மாவட்டத்து அரிசி இன்னொரு மாவட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குப் புத்தகத்தைவிட அப்பாயிதான் ஆதாரம். அப்பாயி என்றால் பெரியப்பாவின் அம்மா. எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லா. அப்பாயியின் தங்கையைக் கட்டிக்கொடுத்தது புதுக்கோட்டைப் பக்கம், வானம் பார்த்த பூமியில். இங்கே பத்தாயத்தில் நெல் இருக்கும். அங்கே தங்கை வீட்டில் கேழ்வரகுக்கும் திண்டாட்டம். எல்லையில் ஒரு கீற்றுக் குடிசை, அதில் இரண்டு பேர், ஒரு மூங்கில் தடுப்பு. தங்கைக்கு வளைகாப்புக்குச் சீர் கொண்டுபோன அப்பாயி, கூடையில் அதிரசத்துக்கு அடியில் துணி விரித்து இரண்டு படி அரிசியை வைத்துக்கொண்டு போனாராம். தடுப்பில் நின்றவன் கூடையில் கை விடாமல், நாலு அதிரசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டான். "அவனுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியும்டா. அதுக்குத்தான் அதிரசம்" என்பார் அப்பாயி. இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும். தன் வயலில் விளைந்த அரிசியைத் தன் தங்கைக்குக் கொண்டுபோவதற்கு நாலு அதிரசம் லஞ்சம் என்பது எனக்குத்தான் சுருக்கென்று பட்டது.

1952 ஜூனில் ராஜாஜி இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார். கட்டாயக் கொள்முதல், ரேஷன், மாவட்டத் தடுப்பு எல்லாம் போயின. அறுவடைக்குப் பிறகு செய்திருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். செய்தது பஞ்ச காலத்தில். பற்றாக்குறை இருக்கும்போதுதான் கட்டுப்பாடு வேண்டும் என்பது அன்று தில்லியில் பலருடைய நம்பிக்கை. பற்றாக்குறையின் ஒரு பகுதியே கட்டுப்பாட்டால் வருகிறது, பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் நெல் பதுங்குகிறது என்பது ராஜாஜியின் கணக்கு. மத்திய உணவு மந்திரி ரஃபி அகமது கித்வாய் பக்கபலமாக நின்றார். மாநிலத்தில் நிதியோடு உணவுத் துறையையும் கையில் வைத்திருந்தவர் சி. சுப்பிரமணியம். பயந்தவர்கள் சொன்னபடி எதுவும் நடக்கவில்லை. அரிசி கடைக்கு வந்தது. இரண்டு வருஷத்தில், 1954க்குள், நாடு முழுவதுமே உணவுக் கட்டுப்பாடுகள் போயின.

மழை வந்தது, அதனால்தான் பிழைத்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்தேன். பிந்திய வருஷங்களில் மழை கை கொடுத்தது உண்மைதான். ஆனால் அதே 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் கரையில் பெரும்புயல் அடித்து டெல்டாவைப் புரட்டிப் போட்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமே. இயற்கை அவருக்கு முழுச் சாதகமாக ஒன்றும் இல்லை. அப்புறம், அதிர்ஷ்டமே என்று வைத்துக்கொண்டாலும், முடிவெடுத்த அன்று அந்த அதிர்ஷ்டம் அவர் கையில் இல்லை. தவறியிருந்தால் பட்டினிச் சாவுக்குப் பொறுப்பு அவர் ஒருவர்தான்.

அப்பாயி அடுத்த தடவை மாட்டுவண்டியில் ஒரு மூட்டையே ஏற்றிக்கொண்டு போனாராம். தடுப்புக் குடிசையில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள்.

அதே வருஷம்

இங்கேயே கதையை முடித்துக்கொண்டால் நான் கல்யாண மண்டபத்தில் சொன்னது சரி என்றாகிவிடும். ஆனால் 1952 ஜூனோடு முடியவில்லை.

ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு உழுதவனுக்கு. பண்ணையாளுக்குக் குறைந்தபட்சக் கூலி. ஜூனில் நெல் விலையை அவிழ்த்துவிட்டவர், ஆகஸ்டில் நெல் விளைந்த நிலத்தின் வாரத்தை, அதாவது விளைச்சல் பங்கை, கட்டிப்போட்டார். மிராசுதார்களுக்கு ஒரே வருஷத்தில் சந்தோஷமும் கோபமும். இன்னொன்று, கைத்தறி. மில் துணியோடு போட்டிபோட முடியாமல் நெசவாளர்கள் கஞ்சித்தொட்டி முன் நின்ற காலம். வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்கிவிடுங்கள் என்று மத்திய அரசை வற்புறுத்திக் கேட்டவர் ராஜாஜி. மில்கள் எவ்வளவு வேட்டி நெய்யலாம் என்பதற்கு மத்திய அரசும் வரம்பு கட்டியது. மில்லுக்கு இவ்வளவுதான் என்று அரசாங்கம் அளந்து கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன? கோட்டா. ஏழு வருஷம் கழித்து எந்தச் சொல்லை வசையாக்கி மேடை மேடையாகப் பேசினாரோ, அதே சாமான்.

அடுத்த வருஷம் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில். குலக்கல்வி பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. அது அவர் பதவியையே கொண்டுபோயிற்று, கொண்டுபோக வேண்டியதுதான். ஆனால் அதைச் சாதிக் கோணத்தில் திட்டியிருக்கிறோமே தவிர, சந்தைக் கோணத்தில் யாரும் திட்டியதை நான் பார்த்ததில்லை. அப்பன் தொழிலை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போகக் கதவு திறந்திருந்தால்தான் சந்தை என்று ஒன்று இருக்கவே முடியும். பாதி நாள் பையனைச் சக்கரத்தடிக்கும் துறைக்கும் திருப்பி அனுப்புகிற திட்டம், தடுப்புக் குடிசையை அரிசிக்கு எடுத்துவிட்டு மனுஷனுக்குக் கட்டியது மாதிரி. அரிசி ஜில்லா தாண்டலாம், குயவர் வீட்டுப் பையன் தெரு தாண்டக் கூடாது. ராஜாஜியை எவ்வளவு மதித்தாலும் இந்த இடத்தில் எனக்கு அவரோடு சமாதானம் இல்லை.

ஆக, இவரை எந்தப் பெட்டியில் போடுவது?

பெரியப்பாவின் புத்தகம்

தை மாதம் ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய் அலமாரியில் இருந்து அட்டை கிழிந்த பழைய விற்பனை வரிச் சட்டப் புத்தகத்தை எடுத்துவந்தார். ஓரமெல்லாம் சிவப்பு மையில் குறிப்பு. "இதுல எந்தச் சாமானுக்கு எவ்வளவுன்னு அச்சடிச்சிருக்கு. என் மேசைக்கு எதிர்ல உட்காரும் வியாபாரி கிட்டயும் இதே புத்தகம் இருக்கும். நான் கூட்டிப் போட்டா சண்டை போடுவான். அப்பீல் போவான், டிரிபியூனல் போவான், பல தடவை ஜெயிச்சுட்டும் வந்திருக்கான். ஆனா சிமெண்ட் பர்மிட்டுக்கு அந்தக் காலத்துல என் மச்சான் அலைஞ்சானே, அதுக்கு எங்க இருக்கு புத்தகம்? கொடுத்தா உண்டு, கொடுக்காட்டி ஏன்னு கேக்க முடியாது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க ஆபீஸ்ல மட்டும் எல்லாம் யோக்கியம்னு சொல்லல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்குள் ஏதோ ஒன்று சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது அப்போதுதான். ராஜாஜிக்கு அரசாங்கம் விதி போடுவதில் சங்கடமே இல்லை. குடிக்காதே என்றார், வரி கட்டு என்றார், இரண்டு மடங்குக்கு மேல் வாங்காதே என்றார், ஐந்தில் இரண்டு கொடு என்றார். எல்லாம் ஊருக்கே பொதுவாகச் சொன்னது. அவருக்குப் பிடிக்காதது ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு ஆள், அந்த ஆள் இவனுக்கு ஆம், அவனுக்கு இல்லை என்று சொல்லும் அதிகாரம். அப்பாயியிடம் அதிரசம் வாங்கியவன் தில்லியில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் லைசன்ஸ் ராஜ். 1951ன் தொழில்கள் சட்டப்படி ஆலை தொடங்க அனுமதி, விரிவாக்க அனுமதி, புதுச் சரக்கு செய்ய அனுமதி. அந்த மேசைக்கு முன்னால் நிற்கிற முதலாளி, ஆளும் கட்சிக்குத் தேர்தல் நிதி கொடுக்காமல் இருப்பானா? ராஜாஜி திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். அவர் பேசியது பொருளாதார வளர்ச்சி விகிதம் பற்றி அல்ல. ஆளுகிறவனும் கெடுகிறான், கேட்கிறவனும் கெடுகிறான் என்று தாத்தா மாதிரி ஒழுக்கம் பேசினார். பிற்பாடு அவர் தொடங்கிய சுதந்திரா கட்சியின் கொள்கை அறிக்கையில், சொத்து உள்ளவன் அதை ஊருக்காகக் காப்பவனாக நடக்க வேண்டும் என்ற காந்தியின் தர்மகர்த்தா முறை இடம்பெற்றது ஒப்புக்காக அல்ல என்று இப்போது தோன்றுகிறது.

இந்த விளக்கத்திலும் ஓட்டை உண்டு. எல்லோருக்கும் பொதுவாகச் சொன்ன மதுவிலக்கே கடைசியில் எங்கே போய் நின்றது? உடம்புக்கு வேண்டும் என்று டாக்டர் சீட்டு வாங்கிக்கொண்டு பர்மிட்டில் குடித்தார்கள். 'பர்மிட்' என்றாலே எங்கள் மாமாக்களுக்கு ஞாபகம் வந்தது அதுதான். ஆலை லைசன்ஸ் அல்ல. பொதுவாக ஒரு 'கூடாது' போட்டால், அதன் பின்பக்கமாக ஒரு மேசையும் ஆளும் வந்துவிடுகிறார்கள். இதை அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. 1971ல் திமுக அரசு மதுக்கடைகளைத் திறக்க முடிவெடுத்தபோது, தொண்ணூறு வயது தாண்டியவர் கொட்டும் மழையில் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

எண்பது வயதில் ஒரு கட்சி

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு, நிலங்களைச் சேர்த்துக் கூட்டாகப் பயிரிடும் கூட்டுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. ஜூனில் சென்னையில் சுதந்திரா கட்சி பற்றிய அறிவிப்பு. ராஜாஜிக்கு 80 நடந்துகொண்டிருந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்து, பாரத ரத்னா வாங்கி, பேரன் பேத்தி எடுத்தவர், நேற்றுவரை கூட இருந்தவர்களை எதிர்த்துத் தெருவில் இறங்குகிறார். என்.ஜி. ரங்கா தலைவர், மினூ மசானி பொதுச் செயலாளர். 1962ல் மக்களவையில் 18 இடம், 1967ல் 44. பிறகு 1971ல் 8.

கூட வந்தவர்கள் யார் என்று பார்த்தால் மனது கொஞ்சம் சுருங்கும். மகாராஜாக்கள், ஜமீன்கள், பெரு நிலக்காரர்கள். மன்னர் மானியத்தை நிறுத்தக் கூடாது என்று வாதாடிய கட்சி அது. அரசாங்கத்தின் தயவில் யாரும் வாழக் கூடாது என்ற தலைவரும், வருஷா வருஷம் அரசாங்கக் கஜானாவில் மானியம் வாங்குகிற தொண்டர்களும் ஒரே மேடையில். முதலாளிகளோ பெரும்பாலும் பேச்சில் சுதந்திரா, பையில் காங்கிரஸ். லைசன்ஸ் கொடுக்கிறவனை யார் பகைத்துக்கொள்வார்கள்? அவர் சொன்ன நோய் அவர் கட்சியின் கல்லாவிலேயே நிரூபணமானது.

எனக்கு இதைவிட விசித்திரமாகப் படுவது அரிசி. 1964ல் மத்திய அரசு உணவுக் கழகச் சட்டம் கொண்டுவந்தது. 1965 ஜனவரியில், அரசாங்கத்துக்காகத் தானியம் வாங்கிச் சேமிக்கும் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். அதை அமைத்த மத்திய உணவு மந்திரி யார்? அதே சி. சுப்பிரமணியம். ராஜாஜியின் கையாக இருந்து 1952ல் அரிசியை விடுவித்தவர், தஞ்சாவூரிலேயே அரிசிக்கு அரசாங்கக் கிடங்கைத் திறக்கிறார். அவருக்கும் காரணம் இருந்தது. நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, விவசாயிக்கு நிச்சய விலை கொடுத்தால்தான் விளைச்சல் பெருகும் என்று அவர் நம்பினார், பெருகவும் செய்தது. குருவும் சீடரும் இரண்டு பேருமே சரியாக இருந்திருக்க முடியுமா என்று யோசித்து யோசித்து விட்டுவிட்டேன்.

அப்புறம் 1967. அரிசித் தட்டுப்பாடு. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று திமுக ஊரெங்கும் எழுதியது. அந்தத் திமுகவோடு கூட்டணி வைத்தவர் ராஜாஜி. அரிசி விலையில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று காட்டியவர், அரசாங்கமே அரிசியை ரூபாய்க்கு இத்தனை படி போடும் என்ற சுவரெழுத்துக்கு அருகில் நின்று ஓட்டுக் கேட்டார். சென்னை சட்டமன்றத்தில் சுதந்திராவுக்கு 20 இடம் கிடைத்தது. திமுகவுக்குத் தனிப் பெரும்பான்மை வந்துவிட்டதால் சுதந்திராவின் தேவை இல்லாமல் போனது. அரசியலில் இதெல்லாம் சகஜம் என்று கடந்துபோகலாம். காங்கிரசை இறக்குவதற்காக எதையும் பொறுத்துக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே கட்சி இருபது வருஷம் ஆண்டால் மேசைக்குப் பின்னால் இருக்கிற ஆள் மாறவே மாட்டான். அந்த ஆளை மாற்றுவது படி அரிசியைவிட அவருக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கலாம்.

1972 கிறிஸ்துமஸ் அன்று இறந்தார். இரண்டு வருஷத்தில் கட்சியும் கரைந்தது. 1991 ஜூலையில், பதினெட்டுத் தொழில்களைத் தவிர மற்றதற்கெல்லாம் லைசன்ஸ் தேவையில்லை என்று அரசாங்கம் சொன்னது. பெரியப்பாவின் மச்சானுக்கு அப்போது சிமெண்ட் தேவைப்படவில்லை.

போன மாதம் பெரியப்பாவோடு ரேஷன் கடைக்குப் போனேன். பை, கார்டு, கைரேகை எந்திரம். பெரியப்பாவின் விரல் ரேகை தேய்ந்துபோய் எந்திரம் மூன்று தடவை மறுத்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், பின்னால் நடவு வேலைக்குப் போகிற அம்மா. 1997ல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று கார்டைப் பிரிக்கச் சொன்னபோது தமிழ்நாடு பொது விநியோகத்தை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. யார் ஏழை என்று பார்த்து முத்திரை குத்துகிற மேசை இங்கே பெரிதாக முளைக்கவில்லை. "ராஜாஜி இந்த வரிசையைப் பார்த்தா என்ன சொல்லுவாருங்க பெரியப்பா?" என்றேன். "அரிசியை ஏன்டா சும்மா கொடுக்கிறீங்கன்னு திட்டுவாரு" என்றார். எந்திரம் நாலாவது தடவை ஒப்புக்கொண்டது. "எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே கொடுக்குறாங்க, அதையாவது ஒத்துக்க மாட்டாரா?" என்று கேட்டேன். பெரியப்பா பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு எடைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்ல அளவு சரியா இருக்கான்னு பாரு தம்பி" என்றார்.